ஊர்ப் பூங்கா கோர்ட் யார் அப்பன் வீட்டுச் சொத்து?

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்ப் பூங்காவில் இருப்பதே நாலு டென்னிஸ் கோர்ட். கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. வேலியில் ராக்கெட்டை மாட்டினால் அதுதான் வரிசை. ஆள் காத்திருந்தால் ஒற்றையருக்கு ஒரு மணி நேரம், இரட்டையருக்கு ஒன்றரை. நகராட்சி அனுமதி இல்லாமல் காசு வாங்கிப் பயிற்சி தரக்கூடாது. அத்தனையும் கேட்டில் பெரிய பலகையில் எழுதியிருக்கிறது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், தள்ளுவண்டி நிறையப் பந்தோடு ஒரு கோச் ஒரு கோர்ட்டில், அவருடைய உதவியாளர் அடுத்த கோர்ட்டில். ஒரு பையன் வெளியே வருவதற்குள் அடுத்தவன் உள்ளே போய்விடுகிறான். நேரம் முடிந்துவிட்டதே என்று கேட்டால், "இவன் இப்போதுதான் வந்தான், இவனுடைய ஒரு மணி நேரம் இனிமேல்தான்" என்கிறார். பையன் மாறினால் என்ன, விடிந்ததிலிருந்து கோர்ட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது நீங்கள்தானே ஐயா! அவர் பந்துகள் எங்கள் காலடிக்கு உருண்டு வந்துகொண்டே இருக்கின்றன. ஓடும்போது ஒன்றை மிதித்தால் கணுக்கால் போச்சு.

சைக்கிளில் வந்த இரண்டு பிள்ளைகள் வேலிக்கு வெளியே வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கறுப்பின டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷின் அப்பா, வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஒரு பொதுப் பூங்காவின் காவலர். வெள்ளையர் பூங்காவில் கால் வைக்க முடியாத அந்தப் பையன், அப்பா பார்த்துக்கொண்ட பூங்காவில் ஆடிப் பழகித்தான் 1968இல் யுஎஸ் ஓப்பனையும் 1975இல் விம்பிள்டனையும் வென்றார். டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் பொது கோர்ட்டுகளில் கற்றார். அங்கே கிளைட் வாக்கர் என்ற பயிற்சியாளர் பிள்ளைகளுக்குக் காசே வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். பொது கோர்ட்டில் சொல்லித்தருவது தப்பே இல்லை. ஊரார் இடத்தை வளைத்துப்போட்டுக் கல்லா கட்டுவதுதான் தப்பு.

இதில் நம் தமிழ்ப் பெற்றோர்களும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளரங்க கிளப்பைவிட இந்த கோச் மலிவு என்கிறீர்கள். ஏன் மலிவு? கோர்ட் வாடகை அவர் கையிலிருந்து போகவில்லை. வெளியே நிற்கும் பிள்ளையின் நேரத்திலிருந்து போகிறது. அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள் என்று நீங்கள் ஒருவராவது அவரைக் கேட்டீர்களா?

பூங்கா அலுவலகத்துக்கு எழுதினேன். நேரில் பார்த்தால்தான் நடவடிக்கை எடுக்க முடியுமாம். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓர் ஆளை அனுப்புங்கள். எங்களிடம் வரி வாங்குகிறீர்கள் அல்லவா?