இடது கைக்கு ஒரு கத்தரிக்கோல்

என் மகளுக்கு 5 வயது. இடது கைப் பழக்கம். வரைவாள், வண்ணம் தீட்டுவாள், பசை தடவி ஒட்டுவாள், எதிலும் சிக்கல் இல்லை. கத்தரிக்கோலை எடுத்தால்தான் அழுகை.

நேற்றும் அப்படித்தான். வண்ணத்தாளில் ஒரு மீன் வரைந்து, அதை வெட்ட உட்கார்ந்தாள். தாள் வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து மாட்டிக்கொண்டது. மணிக்கட்டைத் திருப்பி, உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். வால் கிழிந்துபோனது. "எனக்கு வெட்டவே வரலம்மா" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

குறை அவளிடம் இல்லை. வழக்கமான கத்தரிக்கோல் வலது கைக்காகச் செய்தது. வலது கையால் அழுத்தினால் அலகுகள் ஒன்றோடொன்று நெருங்கும். இடது கையால் அழுத்தினால் விலகும். போதாததற்கு, வரைந்த கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். ஏறக்குறைய 10 பேரில் ஒருவர் இடது கைக்காரர். ஆனாலும் நான் வாங்கிய கைவினைப் பெட்டி ஒவ்வொன்றிலும் வலது கைக் கத்தரிக்கோல்தான்! 'இரு கைகளுக்கும் ஏற்றது' என்று போட்டிருந்ததை நம்பி ஒன்று வாங்கினேன். பிடியை மட்டும் சமமாக்கிவிட்டு அலகை அப்படியே விட்டிருக்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?

அப்புறம், பார்க்கிறவர்கள் வேறு "வலது கையில பழக்கிடு" என்கிறார்கள். குழந்தையை ஏன் மாற்ற வேண்டும்? அலகு மாற்றிப் பொருத்திய இடது கைக் கத்தரிக்கோல் இருக்கத்தானே செய்கிறது! தேடிப்பிடித்துச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும்வரை மீனை நான் வெட்டித் தருகிறேன் என்றால், வேண்டாமாம். கிழிந்த வாலைப் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.