ஓட்டில் புள்ளி இருப்பதாலேயே வெண்புள்ளி நோய் ஆகிவிடாது

“இறால் ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலே வெண்புள்ளி நோய்தான், உடனே தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலந்து கொடுங்கள்” என்று இறால் வளர்ப்போருக்கு நண்பர் ஒருவர் எழுதியிருப்பதில் இரண்டு பிழைகள் உள்ளன. அந்நோயை உண்டாக்குவது வைரஸ். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவையே தாக்கும் என்பதால் அதற்கு இங்கு வேலையே இல்லை, அறுவடையில் மருந்து எச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வருவதுதான் மிச்சம். மேலும், தலையோட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தெளிவாகத் தெரியும் அத்தகைய புள்ளிகள், குளத்து நீரின் காரத்தன்மை மிகுந்தாலும், சில பாக்டீரியாக்களாலும் தோன்றக்கூடும். வைரஸ் தாக்கிய வனாமி (பண்ணைகளில் வளர்க்கும் ஓர் இறால் வகை) இறாலோ புள்ளியே இல்லாமலும் சாவதுண்டு. ஆகவே செவுளையோ நீந்துகாலையோ ஆல்கஹாலில் இட்டு வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே எந்த நோய் என்று தீர்மானிக்க வேண்டும். அதுவரை, நோய் மற்ற குளங்களுக்குப் பரவாதிருக்க, அந்தக் குளத்து நீரை வாய்க்காலில் திறந்துவிடாதீர்கள்.