கால்களைக் காட்டுங்கள்

போன வாரம் ஒரு வீடியோ பார்த்ததில் இருந்து மனசு ஆறவில்லை. வடக்கு ஜெர்மனியில் ஒரு பழைய தேவாலயம், பரோக் காலத்துக் குழாய் ஆர்கன், வாசிப்பது ஜெர்மன் இசைமேதை பாக்கின் சி மேஜர் டொக்காட்டா (விரல் வித்தையைக் காட்டுகிற வகை உருப்படி), பாக் படைப்புகளின் பட்டியலில், அதாவது பி.டபிள்யூ.வி.யில், 564-ஆம் எண். கேட்டவர்களுக்குத் தெரியும்: ஆரம்பத்தில் கைகள் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும். பிறகு கால்கள் மட்டும் வாசிக்கும். மிதிகட்டைகளின் மேல் குதிகாலும் முன்பாதமும் மாறி மாறி, தனியாக, வெகுநேரம். சரியாக அந்த இடத்தில் கேமரா கூரைக்குப் போய்விட்டது. தங்க இறக்கை வைத்த தேவதைகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல், மறுபடியும் தேவதைகள். அது கீழே இறங்கி வருவதற்குள் கைகள் வந்து சேர்ந்துகொண்டன.

தனி ஆவர்த்தனம் நடக்கும்போது மிருதங்கத்தை விட்டுவிட்டு மேடைத் தோரணத்தைக் காட்டினால் நாம் சும்மா இருப்போமா?

படம் பிடித்தவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆலயம் அழகு, அதைக் காட்டவேண்டும் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் ஆலயத்தின் அழகை உள்ளே போகிற எவரும் பார்க்கலாம். ஆர்கன் வாசிப்பவரைத்தான் பார்க்க முடியாது. அதனால்தான் இந்தப் படப்பதிவுகள் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகின்றன.

ஹாம்பர்க் நகரின் புனித யாக்கோபு ஆலயத்தை எடுத்துக்கொள்வோம். ஆர்ப் ஷ்னிட்கர் 1693-இல் முடித்துக் கொடுத்த ஆர்கன் அங்கே இருக்கிறது. 60 ஸ்டாப் (இழுத்தால் ஒரு வகைக் குழாய் வரிசையைத் திறந்துவிடும் கட்டை), நான்கு விசைப்பலகை, சுமார் 4,000 குழாய்கள். மாடத்தின் கைப்பிடிச் சுவரில் ஆர்கனின் ஒரு பகுதி தனிக்கூடாக முன்னே நிற்கும். வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் ஜெர்மன்காரர்கள் அதற்கு ரூக்பொசிட்டீவ் என்று பெயர் வைத்தார்கள். ரூக் என்றால் முதுகு. கீழே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அந்தக் கூடு மட்டும் தெரியும், ஆள் தெரியமாட்டார். அதாவது, மூன்று நூற்றாண்டுகளாக ஜனங்கள் முகமே தெரியாத ஒருவரின் வாசிப்பைக் கேட்டிருக்கிறார்கள்.

1720-இல் இந்த ஆலயத்தின் ஆர்கன் வேலைக்குப் பாக்கும் விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. வேலை கிடைத்த ஆள் ஹைட்மன் என்பவர், ஆலயத்துக்கு 4,000 மார்க் கொடுத்தவர். முதல் உலகப் போரில், 1917-இல், முகப்புக் குழாய்களை உலோகத்துக்காகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாம் போரில் குழாய்களையும் காற்றுப்பெட்டிகளையும் முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்தியதால் அவை தப்பின. ஆலயம் 1944 குண்டுவீச்சில் அழிந்தது. ஆர்கன் கட்டுகிற யூர்கன் ஆரெண்ட் அதைப் பழுதுபார்த்து முடித்தது 1993-இல், சரியாக 300-ஆம் வருஷம். பக்கத்து ஊர் லூபெக்கில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பாக் தன் இருபதாவது வயதில் நானூறு கிலோமீட்டர் நடந்துபோய் அங்கே ஆர்கன் வாசித்த மூத்த கலைஞர் பூக்ஸ்டெஹூடவைக் கேட்டாரே, அந்த மரியாள் ஆலயத்து ஆர்கன்கள் 1942-இல் எரிந்து போயின. அவற்றின் முன் உட்கார்ந்தவர் எதை இழுத்தார், எங்கே திணறினார் என்று இனி யாருக்கும் தெரியாது.

அதனால் மிஞ்சியிருக்கிற ஆர்கன்களுக்கு அருகே ஒரு கேமரா போகிறது என்றால் அது வேலை நடக்கும் இடத்தைக் காட்டவேண்டும். பெரிய ஆர்கனில் ஸ்டாப் கட்டைகள் வாசிப்பவரின் இருபுறமும் வரிசையாக, கை எட்டாத தூரம்வரை போகும். இரண்டு பக்கமும் ஆள் நிற்கவேண்டும். நல்ல வீடியோ ஒன்றில் கவனித்துப் பாருங்கள். இடப்பக்கம் நிற்கிறவர் நோட்டைப் பார்த்தபடி ஒரு மரக்கட்டையின் மேல் விரல்களை முன்கூட்டியே வைத்துக் காத்திருப்பார். ஒரு மூச்சு இடைவெளிதான் கிடைக்கும். இழுத்ததும் உள்ளே மரம் நகரும் சத்தம் டொக்கென்று கேட்கும், உடனே ஒரு வரிசைக் குழாய் முழுவதும் விழித்துக்கொள்ளும். சில இடங்களில் இன்றும் பின்கட்டில் ஆள் நின்று துருத்தி மிதிக்கிறார்கள். நம் ஊர் ஹார்மோனியத்தில் ஒரே ஆள் இடக்கையால் செய்கிற வேலைதான் அது.

என் சொந்த அனுபவம் ஒன்று. பாக்கின் ட்ரையோ சொனாட்டாக்கள் ஆறு, பி.டபிள்யூ.வி. 525 முதல் 530 வரை. பல வருஷம் ஆடியோவில் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. இனிமையாக ஏதோ ஓடுகிறது என்பதோடு சரி. வீடியோவில் பார்த்த அன்றுதான் புரிந்தது. வலக்கை ஒரு பலகையில், இடக்கை வேறொரு பலகையில், கால்கள் கீழே. மூன்று பேர் வாசிக்கவேண்டியதை ஒரே உடம்பு வாசிக்கிறது. வலக்கை சொன்னதை இடக்கை சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்கிறது. அதற்குள் வலக்கை வேறு பேச்சுக்குப் போய்விட்டது. கண் அந்த இரண்டு கைகளையும் பிரித்துக் காட்டியதும் காதும் பிரித்துக் கேட்க ஆரம்பித்தது. இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் மூன்றும் தனித்தனியாகக் கேட்கின்றன. மூத்த மகன் ஃப்ரீடமனின் பயிற்சிக்காகப் பாக் இவற்றை எழுதினார் என்று பாக்கின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஃபோர்கெல் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பையன் அப்பாவின் கைகளை எவ்வளவு பக்கத்தில் இருந்து பார்த்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடியோவில் எல்லாம் கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். 32 அடிக் குழாய் என்பது கிட்டத்தட்டப் பத்து மீட்டர். அதன் மிகத் தாழ்ந்த சுரம் விநாடிக்குச் சுமார் 16 அதிர்வு. நேரில் அதை வாங்கிக்கொள்வது உட்கார்ந்திருக்கும் பெஞ்சும் நெஞ்சும்தான். மொபைல் ஸ்பீக்கரில் அது இல்லவே இல்லை. தயவுசெய்து நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் பாதி வாசிப்பு காணாமல் போய்விடும்.

சரி, எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு: 1921-இல் தொடங்கிய நெதர்லாந்து பாக் சொசைட்டி, தன் நூற்றாண்டை முன்னிட்டு, பாக்கின் எல்லாப் படைப்புகளையும் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போடுகிற பெரிய வேலையைக் கையில் எடுத்தது. அதில் க்ரோனிங்கன் நகர மார்ட்டினி ஆலயத்தில் லியோ வான் டூஸெலார் வாசித்த டி மைனர் டொக்காட்டாவில் தொடங்குங்கள். பேய்ப் படங்களில் கேட்டுக் கேட்டு அந்த முதல் மூன்று சுரம் நமக்குப் பங்களா, வௌவால் என்று ஆகிவிட்டது. ஒரு மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து அதை வாசிப்பதைப் பார்த்தால் வௌவால் பறந்துவிடும், வாசிப்பு மிஞ்சும்.

படம் எடுப்பவர்களிடம் கேட்கவேண்டியவை எனக்குச் சில உண்டு. கால்களுக்கு ஒரு கேமராவை நிரந்தரமாக வையுங்கள். ஒரே மெட்டு குரல் குரலாக நுழைந்து பின்னிக்கொள்கிற ஃப்யூக் நடக்கும்போது மூன்று விநாடிக்கு ஒருமுறை காட்சியை வெட்டாதீர்கள். நாலாவது குரல் நுழைகிற இடத்தைத் தேடிக்கொண்டிருப்பவரின் கண்ணைப் பறிக்கிற மாதிரி இருக்கிறது. கட்டைகளின் சடசடப்பையும் காற்றின் இரைச்சலையும் கம்ப்யூட்டரில் துடைத்து எடுக்காதீர்கள். எந்த இடத்தில் எந்த ஸ்டாப் என்பதை வீடியோவுக்குக் கீழே எழுதுங்கள், சிலர் எழுதுகிறார்கள், கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது பொக்கிஷம். ஸ்டாப் இழுத்தவர்களின் பெயரையும் போடுங்கள்.

இன்னொன்று, கடைசி ஸ்வரக்கூட்டு முடிந்து கைகள் எழும்பின பிறகும் சத்தம் ஆலயத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். நாலு விநாடி, ஐந்து விநாடி. வாசித்தவர் அசையாமல் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார், பக்கத்தில் நிற்பவரும் கையைக் கட்டையில் இருந்து எடுக்கமாட்டார். அந்த நேரத்தில் உங்கள் சேனலின் பெயரையும் சப்ஸ்கிரைப் பொத்தானையும் கொண்டுவராதீர்கள். சத்தம் அடங்கி, அவர் தோளைத் தளர்த்தி, அந்த மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளும்வரை கேமரா ஓடட்டும்.