ஒரு லிங்க் போட்டால் முடிந்துவிடுமா?

சனிக்கிழமை ஜூம் கூட்டத்தில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். கணினி வழியாக நூலகப் பட்டியலைப் பார்ப்பது எப்படி என்று நாங்கள் எழுதிய பழைய கையேட்டைத் திரையில் போட்டு, "ஒரு லிங்க்ல முடியிற வேலைக்கு அரைப் பக்கம் வியாக்கியானம்" என்றார் ஒரு தம்பி. டெக்னாலஜி தெரியாதவர்கள் எழுதியது என்று எல்லாரும் சிரித்தார்கள். மரியாதைக்கு நானும் சிரித்துவைத்தேன். மனசு ஆறவில்லை.

1990களின் நடுவில் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகப் பட்டியல் பலவும் கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான். தொலைவிலுள்ள கணினிக்குள் எழுத்து வழியாக நுழையும் டெல்நெட்டில் போகணும். லிங்க் இல்லாமலா இருந்தது? இருந்தது ஐயா! 1994 டிசம்பரில் வந்த, இணைய முகவரிகளுக்கான ஸ்டாண்டர்டு ஆவணமான ஆர்எஃப்சி 1738லேயே டெல்நெட் முகவரி எழுதும் முறை இருக்கிறது: பயனர் பெயர், பாஸ்வேர்டு, கணினி, போர்ட் எண். கூடவே, அந்தப் பெயரும் பாஸ்வேர்டும் வெறும் ஆலோசனைதான், மென்பொருள் அதைப் பயனருக்குச் சொல்லிவிட்டால் சரி என்றும் இருக்கிறது. ஒரு மென்பொருள் சொல்லும், இன்னொன்று விழுங்கிவிடும். அன்றைய பிரவுசரான நெட்ஸ்கேப், வெளியிலிருக்கும் டெல்நெட் புரோகிராமைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அது எங்கே இருக்கிறது என்று செட்டிங்கில் நாம்தான் காட்டணும். ஐபிஎம் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினியில் ஓடிய பட்டியல்களுக்கு டிஎன்3270 என்ற தனி வகை டெல்நெட் வேண்டும். அந்த வகை முகவரியோ அதே ஆவணத்தில் பின்னால் வரையறுக்க ஒதுக்கிவைத்த பட்டியலில் உட்கார்ந்திருந்தது.

அதனால்தான் லிங்க்குக்குக் கீழே எழுதினோம். எந்த முகவரி, என்ன பெயரில் லாகின், எப்படி வெளியே வருவது.

நான் அப்போது உதவி மேசையில். வயதான பேராசிரியர் ஒருவர் லிங்க்கை அழுத்தினார். லாகின் கேட்டு கர்சர் மினுக்கியது. தன் மின்னஞ்சல் பெயரை அடித்தார், பாஸ்வேர்டையும் அடித்தார். மறுத்தது. மறுபடியும் மறுத்தது. "எனக்கு அனுமதி இல்லை போல" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அடிக்கவேண்டியது 'லைப்ரரி' என்ற ஒரே சொல். லிங்க்கில் அது இருந்தது, திரைக்கு வரவில்லை.

"மென்பொருளைத் திருத்தச் சொல்லியிருக்கலாமே" என்பீர்கள். உதவி மேசையில் உட்கார்ந்துகொண்டு நெட்ஸ்கேப்பை நாங்கள் திருத்துவதா? நல்ல யோசனை. "ஸ்டாண்டர்டைப் பின்பற்றவில்லை" என்று புகார் செய்யவும் வழியில்லை. ஸ்டாண்டர்டே கதவைத் திறந்துவிட்டிருந்தது. டெல்நெட் பாதுகாப்பில்லாதது என்றால், ஆமாம், இல்லைதான். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சஸ்காட்செவான் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஸ்காட் 1990இல் டெல்நெட்டில் போகக்கூடிய நூலகங்களுக்கு வழிகாட்டியாக ஹைடெல்நெட் செய்தபோதும் ஒவ்வொரு நூலகத்துக்கும் லாகின் பெயரையும் வெளியேறும் வழியையும் எழுதித்தான் வைத்தார். அவரையும் பார்த்துச் சிரிப்பீர்களா? அப்புறம் விண்டோஸ் விஸ்டாவில் டெல்நெட் தானாக வராமல் போனது, 2017இல் மேக்கிலிருந்தும் போனது. லிங்க் மட்டும் வைத்திருந்தவர்கள் கையில் என்ன மிஞ்சியது?

டெக்னாலஜி தெரியாததால் எழுதினோம் என்று முடிவு கட்டினீர்களே, அதுதான் எரிகிறது. தெரிந்ததால் எழுதினோம். இன்றைக்கும் பல நூலகத் தளங்களில் தேடி எடுத்த புத்தகத்தின் லிங்க்கை நகலெடுத்து நண்பருக்கு அனுப்புங்கள், 'செஷன் முடிந்தது' என்று முகத்திலடிக்கும். அப்போது புத்தகத்தின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் கீழே தட்டச்சு செய்து அனுப்புவீர்கள் பாருங்கள், அதற்குப் பெயர் வியாக்கியானம் இல்லையோ?