அந்த 18 மில்லிமீட்டரை ஏன் எவரும் சொல்லவில்லை?

டிராக்பால் பொருத்தப் போய் இரண்டு பலகைகளைப் பாழாக்கிய பிறகு இதை எழுதுகிறேன். கோபம் இன்னும் தணியவில்லை.

காசு போட்டு ஆடும் ஆர்கேட் வீடியோ கேம் இயந்திரத்தில் இருப்பது போன்ற கன்ட்ரோல் பேனலை வீட்டிலேயே செய்பவர்களுக்கு ஜாய்ஸ்டிக்கும் பொத்தான்களும் பெரிய வேலை அல்ல. பொத்தானுக்கு 28 அல்லது 30 மில்லிமீட்டரில் ஒரு துளை போட்டு, அடியிலிருந்து நட்டை முடுக்கினால் முடிந்தது. கையால் பந்தை உருட்டித் திரையில் குறியை நகர்த்தும் டிராக்பால் அப்படிப்பட்டதல்ல. பந்து, அது உட்காரும் உருளைகள், உருளையின் சுழற்சியை எண்ணும் சென்சார்கள் எல்லாம் அடங்கிய கனமான பெட்டி அது. பலகையில் அதை எந்த ஆழத்தில் அமர்த்துகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அந்த ஆழத்தைத்தான் விற்றவர் எந்தத் தாளிலும் சொல்லவில்லை.

நான் வாங்கியது 3 அங்குலப் பந்து, அதாவது 76 மில்லிமீட்டர் விட்டம். பெட்டியின் மேல்விளிம்புக்கு மேலே பந்து 25 மில்லிமீட்டர் எழுந்து நின்றது. கடைகளில் நின்ற பழைய இயந்திரங்களின் பேனல்கள் பெரும்பாலும் உலோகத் தகடுகள் என்பதால், அடியிலிருந்து போல்ட் போட்டாலும் பந்து கைக்கு நன்றாகக் கிடைத்தது. என்னுடையதோ 18 மில்லிமீட்டர் ப்ளைவுட். அதன் அடியில் பெட்டியைப் பொருத்தியதும் மேலே மிஞ்சியது வெறும் 7 மில்லிமீட்டர். உள்ளங்கையால் உருட்ட வேண்டிய பந்தை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தேன். பெட்டியைத் திறந்ததுமே கண்ணில் படும்படி எச்சரித்திருக்க வேண்டிய ஒன்றை, துளை போட்டு, வண்ணம் அடித்து, எல்லாம் முடிந்த பிறகு நானாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. முதல் பலகை அப்படிப் போனது.

இரண்டாவது பலகையைக் கெடுத்தது, துளை போடும் இடங்களைக் காட்ட அவர்கள் தந்த அச்சுப்படிவம். அது அமெரிக்க லெட்டர் தாளுக்காக வரையப்பட்டது. லெட்டர் தாளின் அகலம் 216 மில்லிமீட்டர், நம் ஏ4 தாளின் அகலம் 210. பக்கத்துக்குள் அடக்குவதற்காக அச்சு இயந்திரம் படத்தைச் சத்தமில்லாமல் சுருக்கிவிட்டது. 150 மில்லிமீட்டரில் 4 மில்லிமீட்டர் குறைந்தால் போல்ட் துளைகள் எப்படிச் சேரும்? படிவத்தின் ஓரத்தில் ‘இந்தக் கோடு சரியாக 100 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்’ என்று ஒரே ஒரு கோடு போட்டிருந்தால், ஸ்கேலை வைத்துப் பார்த்து மறுபடி அச்சிட்டிருப்பேன். அந்த ஒரு கோட்டைப் போடுவதற்குக்கூட அவர்களுக்கு அக்கறை இல்லாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

இதோடு விட்டார்களா? பெட்டியை எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி வைக்க வேண்டும் என்று ஓர் அம்புக்குறிகூட இல்லை. கெட்ட பலகையிலேயே துளைகளைச் சற்று அகலப்படுத்தி, சோதனைக்காகப் பொருத்திப் பந்தை முன்னே தள்ளினால் திரையில் குறி இடப்பக்கம் ஓடியது. மேல்-கீழ், இட-வலம் என்ற இரு அச்சுகளின் இணைப்பிகளை மாற்றிச் செருகியதும் மேலும் கீழும் சரியானது, ஆனால் இடமும் வலமும் தலைகீழாகின. ஒவ்வோர் அச்சுக்கும் இரண்டு சிக்னல் கம்பிகள் உண்டு. அவற்றுள் எது முந்துகிறது என்பதை வைத்தே சுழலும் திசை கணக்கிடப்படுகிறது. ஆகவே அவ்விரண்டையும் இடம் மாற்றினால் திசை திரும்பிவிடும். பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மேம் மென்பொருளின் அமைப்பிலேயே அச்சைத் திருப்பிக்கொள்ளலாம் என்பதும் உண்மைதான். ஆனால் இவற்றையெல்லாம் ஓர் இரவு முழுக்கக் கண்விழித்து நானே கண்டுபிடிக்க வேண்டுமா? அதே இரவில்தான் விண்டோஸின் சுட்டி வேக முடுக்கத்தையும் அணைத்தேன். அது இயங்கிக்கொண்டிருந்தவரை ஒரே அளவு உருட்டலுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு தூரம் கிடைத்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு பாடுபட்டு இது தேவையா என்று வீட்டில் கேட்கிறார்கள். தேவைதான். 1980-இல் வந்த மிசைல் கமாண்டையும் 1981-இல் வந்த சென்டிபீடையும் ஜாய்ஸ்டிக்கில் ஆடிப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்தால் குறி ஒரே சீரான வேகத்தில் ஊர்கிறது. பந்தில் கையின் வேகமே குறியின் வேகம். திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒரே வீச்சில் போய், நினைத்த இடத்தில் நிறுத்த முடிகிறது. 1984-இன் மார்பிள் மேட்னெஸில் பந்தின் அச்சுகளையே 45 பாகை திருப்பி வைத்திருந்தார்கள்; ஆடுபவரின் கை எப்படிப் போகும் என்று அவ்வளவு யோசித்தவர்கள் அவர்கள். இன்று அதே பொருளை வீட்டில் செய்பவர்களுக்கென்றே விலை வைத்து விற்பவர்கள், எத்தனை மில்லிமீட்டர் பலகைக்கு இது பொருந்தும் என்ற ஓர் எண்ணை அச்சிடக்கூட யோசிப்பதில்லை. காசு வாங்கும்போது நாங்கள் வாடிக்கையாளர்கள். அளவு கேட்டால் பதில் எழுதக்கூட ஆள் இல்லை.

மூன்றாவது பலகையை அடியிலிருந்து மரம் குடையும் ரூட்டரால் 13 மில்லிமீட்டர் குடைந்து, மேலே 5 மில்லிமீட்டர் மட்டும் விட்டிருக்கிறேன். பந்து இப்போது 20 மில்லிமீட்டர் வெளியே நிற்கிறது, உள்ளங்கைக்கும் கிடைக்கிறது. இந்த மூன்று எண்களையும் பலகையின் அடிப்பக்கத்தில் அழியாத மையால் நானே எழுதி வைத்திருக்கிறேன்.