பொறுமையைப் பற்றி முன்வரிசைக்குப் போதிக்கிறவர்களுக்கு

அந்த வீடியோவை எனக்கு அனுப்புவதை இனி நிறுத்துங்கள். பார்த்துவிட்டேன், முழுவதும். "ஆசீர்வாதமான செய்தி" என்று கீழே இதயம் போட்டவர்களின் பெயர்களையும் பார்த்துவிட்டேன். பாதிப்பேர் தெரிந்தவர்கள், சிலர் சொந்தக்காரர்கள்.

யார், எந்த மண்டபம் என்று எழுதப்போவதில்லை. கொழும்பில் இருக்கிறவர்களுக்கு விளங்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பிரசங்கியார், ஏசி மண்டபம், 2019 உயிர்த்த ஞாயிறன்று கோயில்களில், ஹோட்டல்களில் வெடித்த குண்டுகளில் பிள்ளையை, புருஷனைப் பறிகொடுத்தவர்களுக்கு முன்வரிசை, ஆளுக்கொரு மெழுகுதிரி. அதுவரை சரி. அப்புறம் அவர் கேட்டார்: "இன்னும் எத்தனை காலத்துக்கு நீதி நீதி என்று பதாகை பிடிக்கப்போகிறீர்கள்? பவுலும் சீலாவும் சிறைக்குள் பாடினார்கள். நீங்கள் ஏன் முறுமுறுக்கிறீர்கள்?" அந்த நேரம் பார்த்து கமெரா முன்வரிசையில் இருந்த ஒரு அக்காவின் முகத்துக்குப் போகிறது. அவர் குனிந்து, மெழுகு கையில் வடியாமல் இருக்க அந்தக் கடதாசி வட்டத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். மண்டபம் முழுக்க "ஆமென்".

அதற்குக் கீழே நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: பவுலின் கதையை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்? அவ்வளவுதான். அதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் "கசப்பின் வேர்", வேதத்தில் சபையைக் கெடுக்கிறவனுக்குச் சொல்கிற வார்த்தை. நல்ல பட்டம். வைத்துக்கொள்கிறேன்.

கதை இதுதான், புதிய ஏற்பாட்டில் திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரம். பிலிப்பி நகரில் இயேசுவைப் போதித்த பவுல், சீலா இரண்டு பேரையும் விசாரணையே இல்லாமல் தடியால் அடித்துச் சிறையில் போடுகிறார்கள். நள்ளிரவில் பாடுகிறார்கள். நிலநடுக்கம் வருகிறது, கதவுகள் திறக்கின்றன. நம் ஆட்களுடைய பிரசங்கம் எப்போதும் இந்த இடத்தில் முடிந்து, காணிக்கைப் பை வந்துவிடும். ஆனால் மறுநாள் காலை நகர அதிகாரிகள் ஆள் அனுப்புகிறார்கள்: விட்டாயிற்று, சத்தம் போடாமல் போங்கள் என்று. பவுல் போகவில்லை. "உரோமைக் குடிமக்களாகிய எங்களைத் தீர்ப்பில்லாமல் ஊர் பார்க்க அடித்தீர்கள், இப்போது இரகசியமாக வெளியே அனுப்பப் பார்க்கிறீர்களா? அடிக்கச் சொன்னவர்களே நேரில் வரட்டும்" என்ற பொருளில் பதில் சொல்லி, அங்கேயே இருந்துவிட்டார். அவர்களும் பயந்துபோய் வந்து மன்றாடினார்கள். இரவெல்லாம் பாடிய அதே மனிதன்தான் விடிந்ததும் கணக்குக் கேட்டான். அவனை முறுமுறுக்கிறவன் என்று யாராவது சொன்னார்களா?

தலைமைக் குருவின் வீட்டில் காவலன் ஒருவன் இயேசுவைக் கன்னத்தில் அறைந்தபோது அவரும் பேசாமல் இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18ஆம் அதிகாரம். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரும் அவர்தான் என்பது எனக்கும் தெரியும், தயவுசெய்து அந்த வசனத்தைக் கொமென்டில் ஒட்டவேண்டாம்.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. துன்பத்தைத் தாங்குவதா, எப்படித் தாங்குவது என்பதைத் துன்பப்படுகிறவர் முடிவு செய்யவேண்டும். மேடையில் நிற்கிறவர் அதைக் கட்டளையாகப் போட முடியாது. அதிலும் அன்றைக்கு இந்த நாட்டிலேயே இல்லாதவர்.

"அப்படியென்றால் மன்னிப்பு? இயேசு சிலுவையில் மன்னிக்கவில்லையா?" மன்னித்தார். தன் வாயால் மன்னித்தார். சாவுத் தீர்ப்புக் கொடுத்த பிலாத்து சிலுவைக்குக் கீழே நின்று "மன்னித்துவிடும், மறந்துவிடும், ஊர் அமைதியாக இருக்கட்டும்" என்று எடுத்துக் கொடுக்கவில்லை. அப்புறம், யாரை மன்னிக்கச் சொல்கிறீர்கள்? குண்டு கட்டிக்கொண்டு வந்தவர்கள் அன்றே செத்துவிட்டார்கள். 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டு உளவுத் தகவல் வந்திருந்தும் 21ஆம் திகதிவரை ஒரு கோயிலுக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தவர்கள் உயிரோடுதான் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் மன்னிப்பு என்று வந்து கேட்டார்கள்?

2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதே, அந்தத் தீர்ப்பு மெழுகுதிரி பிடித்ததால் வந்ததா? பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனும் குருவானவரும் அடிப்படை உரிமை மனுப் போட்டுப் படியேறியதால் வந்தது. "முறுமுறுத்ததால்" என்று சொல்லுங்களேன்.

எங்கள் பெரியம்மா குண்டு வெடித்த அன்று கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பூசையில் இருந்தவர். ஒரு தூணுக்குப் பின்னால் நின்றதால் தப்பினார். வலது காது போய்விட்டது. அதே 2019 ஜூன் 12ஆம் திகதி கோயிலைத் திரும்பத் திறந்தபோது போனவர்களில் அவரும் ஒருவர். செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு இன்றைக்கும் போகிறார். உள்ளே போகும்போது பையைத் திறந்து காட்டவேண்டும், அவர் காவலுக்கு நிற்கிற பொடியன் கேட்கும் முன்பே திறந்து பிடித்துக்கொண்டு "பார் மகன், நல்லாப் பார்" என்பார். இதைப் பார்த்து "என்ன விசுவாசம்!" என்று படம் எடுத்துப் போட்டவர்கள் உண்டு. அதே பெரியம்மா ஏப்ரல் 21ஆம் திகதி, குண்டு வெடித்த அந்தக் காலை 8.45க்கு பதாகையோடு நின்றால் "அரசியல்". ஒரே கால், ஒரே வாசல்.

அரசியல் என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. தேர்தல் மேடையில் அரசியல்வாதிக்குத் தலையில் கைவைத்துச் செபித்தபோது அது அரசியலாகத் தெரியாதவர்கள் நீங்கள்.

"நீ கத்தோலிக்கன், அவர் சபைக்காரர், உனக்குக் காய்ச்சல்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். அன்று குண்டு வெடித்த மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் கத்தோலிக்கக் கோயிலா? ஞாயிறு பாடசாலை முடித்து வந்த சிறுபிள்ளைகள் அங்கே செத்தார்கள். குண்டோடு வந்த ஆளை உள்ளே விடாமல் வாசலிலே மறித்துக் கேள்வி கேட்டு நின்ற மனிதர் இல்லையென்றால் இன்னும் எத்தனையோ பேர். அவரும் கேள்விதான் கேட்டார்.

நியாயமான மறுப்பு ஒன்று வந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அன்று குண்டு வெடித்த நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிக் கோயிலில் தன் குடும்பத்தில் ஆளை இழந்த ஒருவர் உள்பெட்டியில் எழுதினார்: "எனக்கு வழக்கு வேண்டாம் தம்பி, கண்ணாடிக்குள் வைத்திருக்கிற அந்த இரத்தம் தெறித்த இயேசுவின் சுருவத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தாலே போதும்." அக்கா, உங்களுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அது உங்கள் முடிவு. உங்களுடைய அந்த வரியைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டு அக்காவின் வாயை அடைக்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை.

2019 மே மாதம் நீர்கொழும்பில் முஸ்லிம் வீடுகளுக்குக் கல் எறியப்பட்டதை நினைவுபடுத்தியவருக்கு: ஆம், நடந்தது, வெட்கக்கேடு. பழிவாங்குவது வேறு, பொறுப்புச் சொல்லவேண்டியவனைக் கேட்பது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத்தான் அந்தப் பிரசங்கியாரும் பேசினார்.

எங்களுக்குத் துன்பம் புதிதா? அம்மம்மா மன்னார்க்காரி. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை மன்னாரில் வந்து, ஞானஸ்நானம் பெற்ற ஏறக்குறைய 600 பேரைக் கொன்ற கதையைச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்தவர். தோட்டவெளியில் அவர்கள் நினைவாகக் கோயில் நிற்கிறது. (இதைச் சொன்னால் நம் ஆட்களுக்கே பிடிக்காது, தமிழ் மன்னன் அல்லவா. இருக்கட்டும்.) ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கரைத் தடைசெய்த காலத்தில் மாந்தையிலிருந்து மாதாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள், அதுதான் இன்றைய மடு மாதா கோயில். 1687இல் யோசேப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து கூலியாள் கோலத்தில் வந்து இறங்கினார். "பாருங்கள், அவர் முறைப்பாடு செய்தாரா?" என்று அவரைத்தான் இப்போது உதாரணம் காட்டுகிறார்கள். ஐயா, அவர் சட்டத்தை மீறி வந்தவர்! பூசை வைக்காதே என்ற அரசுக்குத் தெரியாமல் இரவிரவாகப் பூசை வைத்தவர். 1692இல் கண்டியில் ஒற்றன் என்று பிடித்து அடைத்தபோதும் விட்டுவிடவில்லை, பிறகு அதே கண்டியில் அம்மை பரவியபோது ஊர் ஓடிய இடத்தில் நின்று நோயாளிகளைக் கழுவித் துடைத்தவர். அவரை அடங்கிப்போன ஆளாகக் காட்ட எப்படித்தான் மனம் வருகிறதோ. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக்கியபோது கைதட்டிய கூட்டத்தில் நானும் நின்றேன். கைதட்டியது அடங்கிப்போன ஒருவருக்கு இல்லை.

அம்மம்மா கதைக்கு வருகிறேன். 1983 ஜூலையில் கொட்டாஞ்சேனையில் அவருடைய வீடு எரிந்தது. "அது இனப் பிரச்சினை, மதத்துக்காக வந்த துன்பம் இல்லை" என்று யாரும் திருத்தவேண்டாம், கொளுத்த வந்தவன் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கவில்லை. முகாமிலிருந்து வந்த பிறகு அம்மம்மா ஒரு தடித்த சிஆர் கொப்பி வாங்கி, எரிந்த சாமான் ஒவ்வொன்றையும் எழுதினார். தையல் மெஷின், கால் மிதி உடன். எவர்சில்வர் அண்டா, பெரியது. அந்தோனியார் சுருவம், கை உடைந்தது. கை உடைந்ததை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, "உடையாததெண்டு எழுதினால் பொய்யெல்லோ" என்றார். நட்டஈட்டுக் கந்தோருக்கு அந்தக் கொப்பியோடு நடந்தார். அங்கே இருந்த ஒரு அதிகாரி, "நீங்கள் வேதக்காரர்தானே அம்மா, கடவுள் தருவார்" என்று சொல்லி அனுப்பினான். அடுத்த மாதமும் போனார். அங்கே வாங்குப் பலகையில் இருந்து செபமாலை சொல்லுவார், பெயர் கூப்பிட்டால் மாலையைச் சட்டைக்குள் விட்டுவிட்டுக் கொப்பியை எடுப்பார். செத்துப்போகும்வரை ஒரு சதம் வரவில்லை. கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது.

அந்த அதிகாரியின் வசனமும் பிரசங்கியாரின் வசனமும் ஒன்றுதானே? எனக்கு அதுதான் தாங்கவில்லை. நம்மை எரித்தவன் சொன்னால் விளங்கிக்கொள்ளலாம். நம்முடைய மேடையில், நம்முடைய வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நம்முடைய ஆளே அதைச் சொல்கிறான், நாமும் ஆமென் போடுகிறோம். லூக்காவில் வருகிற கைம்பெண் நேர்மையில்லாத நடுவரின் வாசலில் நின்று "நீதி வழங்கும்" என்று தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தாள், மனந்தளராமல் மன்றாட வேண்டும் என்பதற்கு இயேசு காட்டிய ஆளே அவள்தான். இன்றைக்கு அவள் கொழும்பில் இருந்தால் அவளுக்கும் ஒரு மெழுகுதிரியைக் கொடுத்து முன்வரிசையில் உட்காரவைத்திருப்பார்கள்.

2025 ஏப்ரலில் கர்தினால் மல்கம் ரஞ்சித் அறிவித்தாரே, அன்று இறந்த 167 கத்தோலிக்கரின் பெயர்கள் வத்திக்கானில் விசுவாசத்தின் சாட்சிகள் பட்டியலில் சேர்ந்துவிட்டன என்று. அதையும் பெருமையாகப் பகிர்ந்தீர்கள். சரி. செத்தவர்களுக்குப் பட்டியல் இருக்கிறது. காது போனவர்களுக்கு, கால் போனவர்களுக்கு, இரவில் பட்டாசு வெடித்தால் கட்டிலுக்குக் கீழே போகிற பிள்ளைகளுக்கு யாரிடம் பட்டியல் இருக்கிறது? அந்த மண்டபத்து வாடகையில் எத்தனை பேருக்குக் காது மெஷின் வாங்கியிருக்கலாம் என்று யாராவது கணக்குப் பார்த்தீர்களா? கேட்டால், இயேசுவுக்கு ஊற்றிய தைலத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸும் இப்படித்தான் கேட்டான் என்பீர்கள். அதற்கும் ஒரு வசனம் வைத்திருப்பீர்கள்.

பிளாக் பண்ணுகிறவர்கள் பண்ணுங்கள். "நாங்கள் என்ன செய்யலாம்" என்று உண்மையாகவே கேட்டவர்களுக்கு மட்டும்: பெரியம்மாவுக்கு மாதம் ஒருமுறை அரச ஆஸ்பத்திரியில் காது கிளினிக். பெயர் கூப்பிடுவது அவருக்குக் கேட்காது, அதனால் கூடப்போக ஒரு ஆள் வேண்டும். எனக்கு எல்லா மாதமும் லீவு கிடைப்பதில்லை. வரக்கூடியவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள், பொறுமையைப் பற்றி நன்றாகப் பேசுகிறவர்களுக்கு முன்னுரிமை. நம்பர் எடுக்கக் காலை ஆறு மணிக்கு முன்பே வரிசையில் நிற்கவேண்டும், வாங்கு கிடையாது.