கணக்குப்பிள்ளை என்று என்னை அழைத்தவர்களுக்கு

சனிக்கிழமை இரவு கோவாவில் போக்கர் சீட்டாட்ட மேசையில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. அங்கிருந்து பதிவிடப்பட்ட படத்தையும் அதன் கீழே குவிந்த பாராட்டுகளையும் நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். மூன்று இரவுகள் பொறுமையாக ஆடி மூன்று லட்சத்து அறுபதாயிரம் ரூபாய் சேர்த்த தம்பி, நான்காம் இரவு அத்தனையையும் ஒரே பெரிய மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, விடிவதற்குள் வெறுங்கையோடு எழுந்தார். அவருக்குச் ‘சிங்கம்’ என்று பட்டம் கொடுத்தீர்கள். “பாதியையாவது எடுத்து வைத்திருக்கலாமே” என்று ஒரே ஒரு வரி எழுதிய எனக்குக் ‘கணக்குப்பிள்ளை’ என்று பட்டம் கொடுத்தீர்கள்.

பல ஆண்டுகளாக நான் சொல்லி வருவதைத்தான் அன்றும் சொன்னேன். போக்கருக்கென்று ஒதுக்கிய பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு. ஒதுக்கியதிலும் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஒரு மேசைக்குப் போகக் கூடாது. 100–200 மேசை என்றால், ஒவ்வோர் ஆட்டத்திலும் இருவர் கட்டாயமாக வைக்கும் தொடக்கப் பந்தயங்கள் 100, 200 ரூபாய்; பெரியதற்குப் பெயர் பிக் பிளைண்ட். வழக்கமாகக் கொண்டு உட்காரும் நூறு பிக் பிளைண்ட் என்றால் 20,000 ரூபாய். அங்கே உட்கார வேண்டுமானால் நான்கு லட்சம் தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உட்காரக் கூடாது. இதில் வீரத்துக்கும் கோழைத்தனத்துக்கும் இடமே இல்லை.

“அவர் நன்றாக ஆடுகிறவர், அவருக்கு எதற்கு இந்தக் கட்டுப்பாடு?” என்று கேட்கிறீர்கள். நன்றாக ஆடுகிறவருக்குத்தான் இது தேவை. மோசமாக ஆடுகிறவர் எவ்வளவு ஒதுக்கி வைத்தாலும் ஒருநாள் தீர்ந்துதான் போகும். கையில் ஏஸ் ஜோடி, எதிராளியிடம் கிங் ஜோடி, ஃப்ளாப் (மேசையில் முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகள்) வருவதற்கு முன்பே இருவரும் முழுப் பணத்தையும் தள்ளிவிட்டார்கள் என்று வையுங்கள். இதைவிட நல்ல நிலை யாருக்கும் அடிக்கடி வாய்ப்பதில்லை. அப்போதும் நூற்றுக்குச் சுமார் 82 முறைதான் ஏஸ் ஜெயிக்கும். இருக்கிற பணம் முழுவதையும் இப்படி ஐந்து முறை வைத்தால், ஐந்திலும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 37தான். நூறு கைக்கு (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) ஐந்து பிக் பிளைண்ட் ஜெயிக்கும் திறமைசாலிகூட, பத்தாயிரம் கை ஆடி முடித்த பிறகும் நஷ்டத்தில் நிற்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றைத் தாண்டுகிறது. நேரடி மேசையில் மணிக்கு முப்பது கை வந்தாலே அதிகம். பத்தாயிரம் கைக்கு முந்நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கப் பணம் இல்லாதவரின் திறமை வெளியே தெரிய வழியே இல்லை.

நான் பட்டுத்தான் கற்றேன். 2019 மே மாதம், சம்பளம், மகளின் பள்ளிக் கட்டணம், இணையத்தில் ஆடும் பணம் மூன்றும் எனக்கு ஒரே வங்கிக் கணக்கில் கிடந்தன. ஓர் இரவு 25–50 மேசையில் நான்கு பை-இன் (மேசைக்கு ஒரு முறை எடுத்துப்போகும் தொகை) போய்விட்டது. ஐந்தாவதாக எடுத்த ஐயாயிரம் கட்டணப் பணம் என்று எனக்குத் தெரியும். ஏஸ்–கிங் வந்தது, ஃப்ளாப்பில் கிங், ஏழு, இரண்டு விழுந்தன. எதிராளி முழுவதையும் தள்ளினார். மகளின் சீருடை கண்முன் வந்து நின்றது, சீட்டை விட்டுவிட்டேன். அவர் வேண்டுமென்றே தன் சீட்டைத் திறந்து காட்டினார்: இரண்டு ஒன்பதுகள், என் கிங் ஜோடியைவிடச் சிறியது. பயந்த பணத்தால் சரியாக ஆட முடியாது என்பது அன்று புரிந்தது. கட்டணத்துக்கு மனைவியின் தம்பியிடம் கைமாற்று வாங்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கணக்குப் பார்க்காமல் ஆடியே ஜெயித்தவர் என்று ஸ்டு உங்கரின் பெயரைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்தவர்களுக்கும் பதில் இருக்கிறது. 1980, 1981, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளில் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர் அவர். 1997இல் நுழைவுக் கட்டணமான 10,000 டாலரை அவருக்காக இன்னொருவர் கட்டினார். ஜெயித்த பத்து லட்சம் டாலரில் பாதி அந்த மனிதருக்குப் போனது. அடுத்த ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸ் விடுதி அறை ஒன்றில் உங்கர் இறந்து கிடந்தார். போதைதான் காரணம் என்பீர்கள், மறுக்கவில்லை. ஆனால் உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரரிடம் நுழைவுக் கட்டணத்துக்குப் பணம் இல்லை என்பதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

சிறு மேசையில் ஆடினால் முன்னேறவே முடியாது என்பவர்கள் அமெரிக்கப் போக்கர் ஆட்டக்காரர் கிறிஸ் ஃபெர்குசனைப் பார்க்கலாம். 2006இல் சல்லிக்காசு போடாமல் இலவசப் போட்டிகளில் தொடங்கி, கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் எந்த மேசைக்கும் கொண்டுபோகாமல், மேசையில் இருப்பது 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்துவிடுவது என்று விதி வைத்துக்கொண்டு, 10,000 டாலர் வரை போனார். அவர் பெயரில் கறை இருப்பது எனக்கும் தெரியும். அவரும் சேர்ந்து நிறுவிய ஃபுல் டில்ட் என்ற இணையப் போக்கர் தளம், ஆட்டக்காரர்களின் வைப்புப் பணத்தைத் தன் செலவுப் பணத்திலிருந்து பிரித்து வைக்காததால், 2011இல் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் முடங்கியது. கலந்து வைத்த பணம் நிறுவனத்தையே விழுங்கியது, நம்மை விட்டுவைக்குமா?

சீட்டாட்டமே தவறு, இதில் என்ன ஒழுங்கு என்று கேட்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. போக்கர் திறன் ஆட்டம் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டமோ, திறன் என்றாலும் அதிர்ஷ்டம் என்றாலும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை இணையத்தில் நடத்துவதையே தடை செய்துவிட்டது. கடனில் மூழ்கி வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் இந்த ஆட்டத்தை வெறுப்பது நியாயம்தான். ஆனால் ஐந்து, பத்து ரூபாய் மேசைகளில் பழக இருந்த வழி மூடிய பிறகு, நம் பையன்கள் நேராகப் பெரிய மேசைக்குத்தான் போகிறார்கள். அங்கே போகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொன்னால் சிரிக்கிறீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். என் அப்பா உண்மையிலேயே கணக்குப்பிள்ளைதான். எங்கள் ஊர் அரிசி மண்டியில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தார். கல்லாப்பெட்டி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் நாள் முழுதும் திறந்து கிடக்கும். மாலையில் காபி வந்தால் சட்டைப் பையிலிருந்து தன் சில்லறையைத்தான் எடுப்பார். ஐம்பது காசு குறைந்தால் அன்று காபி கிடையாது. கல்லாவில் எடுத்துக்கொண்டு நாளைக்குப் போடலாமே என்று சிறுவயதில் நான் கேட்டதற்கு, “அது மண்டிப் பணம்டா” என்று மட்டும் சொன்னார். அந்தப் பெயரையா வசைச்சொல்லாக என்மேல் எறிகிறீர்கள்?

நீங்கள் அறியாத ஒன்றும் இருக்கிறது. ஞாயிறு அதிகாலை நான்கு மணிக்குத் தம்பி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். “அண்ணே, ஐம்பதாயிரம் மட்டும் போட்டு விடுங்க, விட்டதை எடுத்துடுறேன்” என்றார். மேசைக்கு என்றால் தர மாட்டேன், வீட்டு வாடகைக்கு என்றால் இப்போதே அனுப்புகிறேன் என்றேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார். கணக்குப்பிள்ளை என்ற அந்தப் பதிவு அதற்குப் பிறகுதான் வந்தது.